விரியன்: ஒரு பாம்பின் பெயரைப் பிரித்துப் படிக்க முழுமையான வழிகாட்டி

ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் கிளம்பினால் எங்கள் ஆயா சொல்வது ஒரே வாக்கியம்தான்: “பூச்சி பொட்டு இருக்கும், லைட்டு எடுத்துட்டுப் போ சாமி.” சின்ன வயதில் நான் அதை வண்டு, தேள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் கிடந்த ஓட்டுக் குவியலைக் காட்டி, “அங்க போவாத, வீரியன் கிடக்குது” என்றார். அன்றைக்குத்தான் அவர் சொல்லும் பூச்சி எது என்று விளங்கியது.

சேலத்தில் எங்கள் வீடு கன்னங்குறிச்சிப் பக்கம். வாசலில் நின்றால் ஏற்காட்டு மலை தெரியும். இங்கிருந்து மலை உச்சி வரை பாம்புகளுக்கு எத்தனை பெயர் உண்டோ அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு வாழ்க்கை இருக்கிறது. ஒன்று புதரிலும் வரப்பிலும் ஊர்ந்து போகிற பாம்பின் பெயர். இன்னொன்று, மனிதர்களைத் திட்டவும் எச்சரிக்கவும் வாயில் வருகிற பெயர். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மொழிபெயர்ப்பு கெடும். சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். விரியன் என்ற பெயரை எடுத்துக்கொண்டு, இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். வேறு எந்தப் பாம்பின் பெயருக்கும் இதே வழி பொருந்தும்.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு நல்ல அகராதி, வயதான ஒருவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதி இணையத்திலேயே கிடைக்கிறது. வயதானவரை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.

படி 1: காதில் விழுந்தபடியே எழுதுங்கள்

முதலில் திருத்தாமல் எழுதுங்கள். ஆயா சொன்னது “வீரியன்”. அகராதியில் இருப்பது “விரியன்”. செய்தித்தாள்களிலும் “கட்டுவீரியன்”, “கண்ணாடி வீரியன்” என்று அச்சாகிறது. இதைப் பிழை என்று அடித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்தப் பிழையில்தான் முதல் துப்பு இருக்கிறது. விஷத்துக்கு வீரியம் அதிகம் என்ற எண்ணம் பேசுகிறவர் மனதில் இருக்கிறது. அதனால் தெரியாத ‘விரி’யை விட்டுவிட்டுத் தெரிந்த ‘வீரிய’த்தை நாக்கு பிடித்துக்கொள்கிறது. பெயரின் பொருள் மறந்துபோனால் மக்கள் தாங்களே ஒரு பொருளைப் பெயருக்குள் வைத்துவிடுகிறார்கள். அதனால் நோட்டில் இரண்டு வடிவமும் இருக்கட்டும்.

எந்த நேரத்தில் எந்தப் பெயர் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பகலில் பாம்பு, இருட்டினால் பூச்சி. கடித்துவிட்டால் “தீண்டிருச்சு”. தீண்டுதல் என்றால் தொடுதல்தான். கடி என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க அஞ்சி ஒதுக்கிவைத்திருக்கிறோம். இதற்கு நம் இலக்கணத்தில் இடம் உண்டு. தகுதி வழக்கு மூன்றில் மங்கலம் ஒன்று. சுடுகாட்டை நன்காடு என்பதும், கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் அதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் உதாரணங்கள். நல்ல பாம்பு என்ற பெயரையும் நான் அந்த வரிசையில்தான் வைப்பேன். கடித்தால் உயிர் போகிற பாம்புக்கு ‘நல்ல’ என்று பெயர் வைத்தது பயமும் பக்தியும் சேர்ந்த மரியாதை.

விரியனுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. இதை மறக்காதீர்கள், ஐந்தாம் படியில் திரும்ப வருவோம்.

படி 2: பெயரை இரண்டாக உடையுங்கள்

நம் பாம்புப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு துண்டு. பின்துண்டு கூட்டத்தைச் சொல்லும், முன்துண்டு ஆளை அடையாளம் காட்டும். முன்துண்டில்தான் பார்த்தவனின் கண் இருக்கிறது. அதனால் இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள்.

கண்ணாடி விரியன். உடம்பில் நீளவாக்கில் மூன்று வரிசை நீள்வட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் கறுப்பு விளிம்பு, அதற்கு வெளியே வெள்ளைக் கோடு. இந்தப் பெயரில் கண்ணாடி என்பது மூக்குக் கண்ணாடி இல்லை என்பது என் கருத்து. சட்டம் போட்ட முகம் பார்க்கும் கண்ணாடியை வரிசையாக அடுக்கியது போல இருக்கிறது அந்த வட்டங்கள். மொழிபெயர்ப்பவர்கள் தடுமாறும் இடமும் இதுதான். ஆங்கிலத்தில் ‘கண்ணாடி அணிந்த நாகம்’ என்ற பொருளில் வழங்கும் பெயர், படத்தின் பின்புறம் இருக்கிற குறியை வைத்து நல்ல பாம்புக்கு ஏற்பட்டது. அதைப் பார்த்துவிட்டுத் தமிழில் கண்ணாடி விரியன் என்று எழுதினால் பாம்பே மாறிவிடும்.

ஒருமுறை மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும்போது இதைப் பக்கத்தில் பார்த்தேன். முதலில் கேட்டது சத்தம்தான். குக்கரில் ஆவி நிற்காமல் வெளியேறுகிற மாதிரி நீளமான சீறல். காய்ந்த மரவள்ளி இலைக்கு நடுவே அது கிடந்தது. கண் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தும், பாம்பு எங்கே முடிகிறது இலை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. அதன் அறிவியல் பெயரின் முதல் பாதியான ‘டபோயா’, பதுங்கிக் கிடப்பது என்ற பொருளுள்ள இந்திச் சொல்லிலிருந்து வந்தது. அந்த இலைக் குவியலைப் பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பெயரின் இரண்டாம் பாதி பேட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவரைக் குறிக்கிறது. சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796-ல் நூல் வெளியிட்டவர் அவர்.

கட்டுவிரியன். கட்டு என்பது இங்கே பட்டை, வளையம். எண்ணெய் தடவிய மாதிரி மினுங்கும் கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் இரண்டிரண்டாக. தலைப்பக்கம் வளையம் மங்கலாக இருக்கும், இல்லாமலும் போகும். இந்தப் பெயரின் பின்துண்டு நம்மை ஏமாற்றுகிறது. கட்டுவிரியன் விரியன் கூட்டத்தைச் சேர்ந்ததே இல்லை. நல்ல பாம்பின் உறவு. விரியன்கள் குட்டி போடும், இது முட்டை இடும். கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தைக் கெடுக்கும், இதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். பெயர் வைத்தவர்கள் உறவுமுறை பார்த்து வைக்கவில்லை, ஆபத்தைப் பார்த்து வைத்தார்கள். அந்த வகையில் ‘விரியன்’ என்பது கிட்டத்தட்ட ‘நெருங்காதே’ என்ற பலகை.

சுருட்டை விரியன் சின்னது. முழங்கை நீளம் இருந்தாலே பெரிது. காய்ந்த கல்லாங்காட்டுப் பாம்பு. உடம்பைச் சுருட்டி மடிப்புகளை ஒன்றோடொன்று உரசும். பக்கவாட்டுச் செதில்கள் அரம் போல இருப்பதால், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு சத்தம் வரும்.

மலை ஏறினால் மூங்கில் விரியன். காபிச் செடியிலும் மிளகுக் கொடியிலும் இலையோடு இலையாக இருக்கும் பச்சைப் பாம்பு. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி இருக்கிறது, அதனால் குழிவிரியன் என்றும் எழுதுகிறார்கள். இரையின் உடல் சூட்டை உணரும் உறுப்பு அது. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்கிறவர்கள் இதையும் ஒல்லியான கொடிப்பாம்பையும் சேர்த்தே ‘பச்சைப் பாம்பு’ என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்டால் அடுத்த கேள்வி கேளுங்கள்: “தலை எப்படி?” மூங்கில் விரியனுக்கு முக்கோணத் தலை, தடித்த உடம்பு. கொடிப்பாம்புக்கு ஊசி போல நீண்ட மூக்கு, கயிறு போன்ற உடம்பு.

படி 3: வேரைத் தேடுங்கள், ஆனால் கிடைத்ததை எல்லாம் நம்ப வேண்டாம்

விரியன் என்றதும் ‘விரி’ என்ற வினை கண்ணில் படுகிறது. விரிதல் என்றால் பரவுதல், மலர்தல், பிளத்தல். நான் கேட்ட கதை இது: குட்டிகள் தாயின் வயிற்றைப் பிளந்துகொண்டு வரும், தாய் செத்துப்போகும், அதனால்தான் விரியன். கதையின் பாதி உண்மை. கண்ணாடி விரியன் முட்டையை வெளியே இடாமல் குட்டியாகவே ஈனும். ஒரே ஈற்றில் 20 முதல் 40 வரை சாதாரணம். ஆனால் வயிறு பிளப்பதும் இல்லை, தாய் சாவதும் இல்லை. முட்டை போட வேண்டிய பாம்பு குட்டி போடுகிறதே என்ற வியப்பைச் சமாளிக்க ஊர் கண்டுபிடித்த கதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இத்தகைய கதைகளை நோட்டில் ‘வழக்கில் சொல்வது’ என்று தனியாக எழுதுங்கள். சொற்பிறப்பு என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோய் வைக்காதீர்கள். இலத்தீனில் ‘விப்பேரா’ என்ற சொல்லுக்குப் பொதுவாகத் தரும் விளக்கமும் உயிருள்ள குட்டியை ஈனுவது என்பதுதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு ஊர்க்காரர்கள் ஒரே காட்சியைக் கண்டு வியந்திருக்கிறார்கள்.

படி 4: பக்கத்து மொழியிடம் கேளுங்கள்

சேலத்தில் இது சுலபம். தெலுங்கு பேசும் வீடும் கன்னடம் பேசும் வீடும் ஒரே தெருவில் இருக்கும். கண்ணாடி விரியனுக்குத் தெலுங்கில் ரக்தபிஞ்சர. கடித்தபின் நடப்பது பெயரிலேயே இருக்கிறது. கன்னடத்தில் கொளகுமண்டல, மலையாளத்தில் அணலி. ஈழத்தமிழில் புடையன் என்பார்கள். ‘பங்காரஸ்’ என்ற கட்டுவிரியன் இனத்தின் அறிவியல் பெயரே தங்கத்தைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. மஞ்சள் பட்டை உள்ள அதன் உறவுப் பாம்புக்கு ஆந்திரக் கரையில் வழங்கிய பெயர் அது.

கன்னடப் பெயரில் உள்ள ‘மண்டல’ நம்மை இன்னும் பின்னால் கூட்டிப்போகும். பழைய வடமொழி மருத்துவ நூல்கள் நச்சுப்பாம்புகளை மூன்றாகப் பிரித்தன: கரண்டி போலப் படம் விரிக்கும் தர்வீகரம், வட்டப் புள்ளிகள் உள்ள மண்டலி, கோடுகள் உள்ள ராஜிமந்தம். நம் முன்துண்டுகளை இதோடு பொருத்திப் பாருங்கள். கண்ணாடி என்பது வட்டம், கட்டு என்பது கோடு. பாம்பை உயிரோடு பார்த்தவர்கள் எந்த மொழியில் பேசினாலும் அதன் தோலைத்தான் முதலில் படித்திருக்கிறார்கள்.

படி 5: உருவகப் பொருளை வாக்கியத்தோடு பிடியுங்கள்

தனிச் சொல்லை வைத்துக்கொண்டு உருவகத்தைத் தேடினால் கைக்கு ஒன்றும் வராது. யார், யாரைப் பற்றி, எந்தச் சமயத்தில் சொன்னார் என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். சந்தையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் காதைத் திறந்து வைத்தால் போதும்.

“பையன் போனை எடுத்தா போதும், கண்கொத்திப் பாம்பாட்டம் பாத்துட்டே இருக்கா.” இது உளவுப் பார்வை. கண்கொத்தி என்பது மேலே சொன்ன கொடிப்பாம்பு. கண்ணைக் கொத்தும் என்ற பயத்தில் வந்த பெயர். சிங்களத்தில் ‘அஹெதுல்லா’ என்பதும் கண் பறிப்பது என்ற பொருள்தான், அதுவே அறிவியல் பெயராகவும் ஆகிவிட்டது.

“நாகம் மாதிரி சீறுறான்.” இது வெளிப்படையான கோபம். இதில் கொஞ்சம் மதிப்பும் கலந்திருக்கிறது. கரையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்றால் அடுத்தவன் உழைப்பில் உட்காருபவன்.

“கட்டுவிரியன் மாதிரி சத்தமே இல்லாம வேலையைக் காட்டிட்டான்.” இதில் சீறல் இல்லை, படம் இல்லை, முன்னறிவிப்பு இல்லை.

இப்போது மாற்றிப் பார்க்கும் சோதனை. நாகம் இருக்கிற இடத்தில் விரியனை வையுங்கள். “விரியன் மாதிரி சீறுறான்” என்றால் கோபத்தில் இருந்த மதிப்பு போய் வஞ்சம் மட்டும் மிஞ்சுகிறது. இன்னொரு சோதனை, பிள்ளைகளின் பெயர். நாகராஜ், நாகம்மா, நாகப்பன் இல்லாத தெரு சேலத்தில் உண்டா? விரியன் என்று யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா? நாகத்துக்குப் புற்றும் பாலும் மஞ்சளும் உண்டு, ஆடி வெள்ளியில் முட்டை உண்டு. விரியனுக்குக் கோயில் இல்லை. கும்பிடுகிற பாம்பை உருவகமாக்கினால் அதில் பயத்தோடு ஒரு கம்பீரமும் வரும். கும்பிடாத பாம்பின் பெயரில் நஞ்சு மட்டும்தான் மிஞ்சும். விரியனின் உருவகத்துக்குத் திறவுகோல் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தமிழ் விவிலியத்தில் பரிசேயரையும் சதுசேயரையும் பார்த்து யோவான் ஸ்நானகன் “விரியன் பாம்புக் குட்டிகளே” என்று கண்டிக்கும் இடத்தில், மொழிபெயர்த்தவர்கள் நாகத்தை எடுக்கவில்லை. நாகம் என்று போட்டிருந்தால் வசையின் பாதி போயிருக்கும்.

எதிர்ப்பக்கச் சான்றும் ஒன்று வேண்டும். தன்னிடம் நஞ்சு இருப்பதை அறிந்து நாகம் மறைந்து வாழும், நீர்ப்பாம்பு அஞ்சாமல் வெளியே கிடக்கும் என்கிறது மூதுரை. நெஞ்சில் கரவுள்ளவர் தம்மை மறைத்துக்கொள்வார் என்று மனிதருக்கு அதைப் பொருத்துகிறது. இங்கே நாகமே ஒளிவுக்கு உவமை. ஆகவே நாகம் என்றால் எப்போதும் வெளிப்படை என்று நோட்டில் ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அந்தப் பாட்டுக்கு அந்தப் பொருள்.

படி 6: உருவகத்தைப் பாம்போடு வைத்துப் பாருங்கள்

உருவகம் சரியாகக் கவனித்ததா, கதையை நம்பியதா? கட்டுவிரியன் விஷயத்தில் சரியாகக் கவனித்திருக்கிறது. அது இரவில் நடமாடும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலை வயிற்று வலி என்று எழுந்திருப்பார், அப்புறம் கண் இமை தானாகக் கீழே இறங்கும். சத்தமில்லாமல் வேலையைக் காட்டுவது என்று ஊர் சொன்னது முற்றிலும் பொருந்துகிறது.

கண்கொத்தி பொருந்தாது, அது கண்ணைத் தேடிக் கொத்துவதில்லை. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி புகை வருகிறதா என்று பார்க்கும் என்பார்கள். அதற்கு நஞ்சே கிடையாது. நல்ல பாம்பு பழிவாங்கும் என்பதும் கதைதான்.

படி 7: கடிபட்ட நேரத்தில் எந்தப் பொருள்?

நேர்ப்பொருள் மட்டும். மங்கல வழக்கை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள். “பூச்சி கடிச்சிருச்சு”, “ஏதோ தீண்டிருச்சு” என்று மருத்துவமனையில் சொன்னால், கேட்கிறவர் வண்டுக்கடி என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. எங்கள் உறவுக்காரர் ஒருவரை விடியற்காலையில் கூட்டிப்போனபோது இதே சொல்லால் அரை மணி நேரம் வீணானது. ஊசி போட வேண்டியவர் மேல் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். அன்று முதல் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: “பாம்பு கடித்தது” என்று முழுசாகச் சொல்லுங்கள்.

பாம்பின் பெயரைத் தெரிந்துகொள்ள அதைத் தேடவோ அடிக்கவோ வேண்டாம். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கும் சேர்த்தே தயாராகிறது. 1978-ல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் அதற்கான நஞ்சை எடுத்துத் தருகிறது. மருத்துவர் உடம்பின் அறிகுறியைப் பார்த்து முடிவு செய்வார். இரண்டு மில்லி இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விரியன் வகை நஞ்சு என்று சந்தேகிப்பார்கள். உறைந்துவிட்டது, ஆனால் இமை சரிகிறது என்றால் வேறு திசையில் யோசிப்பார்கள்.

மூங்கில் விரியன் அந்த நான்கில் இல்லை. அதற்கென்று நம்மிடம் தனி மருந்தும் இல்லை. வலி, வீக்கம், இரத்தம் உறைதல் ஆகியவற்றைக் கவனித்துத்தான் சிகிச்சை செய்வார்கள். ஆகவே ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் கடிபட்டால், “பச்சை நிறம், மரத்தில் இருந்தது” என்ற இரண்டு தகவலும் மருத்துவருக்குப் போக வேண்டும்.

மற்றபடி கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, மோதிரம், வளையல், மெட்டியைக் கழற்றிவிட்டு, 108-ஐ அழையுங்கள். மலையிலிருந்து இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மந்திரிக்கிறவர் வீட்டில் நிற்க நேரம் கிடையாது.

படி 8: பதிவை எழுதுங்கள்

என் நோட்டில் உள்ள பதிவை அப்படியே தருகிறேன்.

விரியன். ஊர் வழக்கில் வீரியன். இருட்டில் பூச்சி. நேர்ப்பொருள்: குட்டி ஈனும், தடித்த உடம்புள்ள நச்சுப்பாம்பு வகை, கண்ணாடி, சுருட்டை, மூங்கில் என்று முன்துண்டு சேரும். கட்டு சேர்ந்தால் வேறு கூட்டம், முட்டை இடும். வழக்கில் சொல்வது: வயிறு பிளந்து குட்டி வரும் (உண்மை இல்லை). உருவகப் பொருள்: மதிப்பு கலவாத வஞ்சம், மறைந்திருந்து தாக்குவது. பெயராக வைப்பதில்லை, வழிபாடு இல்லை. கேட்ட இடம்: ஆயா, தொழுவத்துக்குப் பின்னால், ஓட்டுக் குவியல்.

இதன் கீழே ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். மூங்கில் விரியனுக்கு மலை மேல் உள்ள ஊர்களில் வேறு பெயர் வழங்குகிறதா என்று கேட்க, காபிப் பழம் பறிக்கிற பருவத்தில் மறுபடியும் மேலே போகிறேன்.